தண்டில் ஒரு துளை: எல்டர்பெர்ரி நீள்கொம்பு வண்டைத் தேடிப் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

கலிபோர்னியாவின் தலைநகரான சாக்ரமெண்டோவின் நடுவே அமெரிக்கன் ஆறு ஓடுகிறது. கரையை ஒட்டி ஃபால்சம் ஏரி வரைக்கும் சுமார் 51 கிலோமீட்டருக்கு ஒரு மிதிவண்டிப் பாதை. வார இறுதியில் அங்கே கூட்டத்துக்குக் குறைவிருக்காது. அந்தப் பாதையோரம் நிற்கும் எல்டர்பெர்ரிப் புதர்கள் சிலவற்றின் தண்டுக்குள் ஒரு வண்டின் புழு, நடுவில் பஞ்சுபோல இருக்கும் நெட்டியைத் தின்றுகொண்டு கிடக்கிறது. ஒரு வருஷம், சில சமயம் இரண்டு வருஷம், வெளிச்சமே பார்க்காமல் அப்படியே இருக்கும். பக்கத்தில் போகிறவர்களுக்கு அது தெரியாது. கலிபோர்னியாவின் நடுப்பள்ளத்தாக்கை விட்டால் இந்த வண்டு உலகத்தில் வேறெங்கும் கிடையாது.

அறிவியல் பெயர் டெஸ்மோசெரஸ் கலிபோர்னிகஸ் டைமார்ஃபஸ். முதல் சொல்லுக்கு முடிச்சுக் கொம்பு என்று பொருள் சொல்லலாம். உணர்கொம்பின் கணுக்கள் முடிச்சுப் போட்டதுபோலத் தடித்திருப்பதால் வந்த பெயர். கடைசிச் சொல்லுக்கு இரண்டு வடிவம் என்று பொருள். ஆணும் பெண்ணும் வேறு வேறு வண்டுகள் என்று நினைக்கும் அளவுக்கு நிறத்தில் மாறுபடுவதுதான் காரணம். டெஸ்மோசெரஸ் பேரினத்தில் மொத்தம் மூன்றே இனங்கள், மூன்றும் வட அமெரிக்காவில், மூன்றும் எல்டர்பெர்ரியை நம்பியே வாழ்பவை. நாம் தேடப்போவது அவற்றில் ஒன்றின் துணையினம். பூச்சியியலாளர் ஃபிஷர், சாக்ரமெண்டோவில் பிடித்த வண்டுகளை வைத்து 1921இல் இதை விவரித்து எழுதினார்.

1980 ஆகஸ்டில் அமெரிக்க அரசு இதை அச்சுறுத்தலுக்கு உள்ளான உயிரினப் பட்டியலில் சேர்த்தது. நடுப்பள்ளத்தாக்கின் ஆற்றோரக் காடுகளில் பத்தில் ஒன்பது பங்கு வயலாகவும் ஊராகவும் கரைச்சுவராகவும் மாறிப்போனதுதான் அடிப்படைக் காரணம். 2006இல் ஒரு மறுஆய்வு, பட்டியலிலிருந்து எடுத்துவிடலாம் என்று பரிந்துரைத்தது. 2012இல் அதற்கான முன்மொழிவும் வந்தது. 2014இல் அரசே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. இன்றைக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கிறது. கீழே சொல்லப்போகும் ஒவ்வொரு படியிலும் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வண்டைப் பார்க்க வேண்டும் என்ற ஆசையோடு போகிறவர்களில் பெரும்பாலோர் ஏமாந்துதான் திரும்புவார்கள். நானும் முதல் இரண்டு வசந்தங்களில் பூங்கொத்துகளை மட்டுமே அண்ணாந்து பார்த்துவிட்டு வெறுங்கையோடு வந்தேன். வண்டு வெளியே உலவுவது சில நாட்கள், மிஞ்சிப்போனால் சில வாரங்கள். ஆனால் அது விட்டுப்போகும் துளை பல வருஷங்கள் தண்டில் இருக்கும். அந்தத் துளையைப் படிக்கக் கற்றுக்கொண்டால் ஆற்றங்கரை முழுவதும் வேறு மாதிரித் தெரிய ஆரம்பிக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் பாதி துளையைப் பற்றித்தான்.

படி 1: எப்போது போவது

துளை தேட வருஷம் முழுவதும் போகலாம். குளிர்காலம் இன்னும் வசதி. எல்டர்பெர்ரி இலையை உதிர்த்துவிடுவதால் அடித்தண்டுகள் மறைப்பில்லாமல் தெரியும். நவம்பர் முதல் ஜனவரி வரை புதர்களைப் பார்த்து எந்தெந்தப் புதரில் துளை இருக்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு, வசந்தத்தில் அதே புதர்களுக்குத் திரும்பிப் போங்கள்.

வண்டையே பார்க்க மார்ச் முதல் ஜூன் வரை. ஏப்ரலும் மே மாதமும் நல்ல வாய்ப்பு, ஏனென்றால் எல்டர்பெர்ரி பூக்கும் காலத்தோடு வண்டு வெளிவரும் காலமும் ஒத்துப்போகிறது. இது பகலில் திரியும் வண்டு. விடியற்காலையில் எழுந்து ஓட வேண்டியதில்லை. வெயில் ஏறி உடம்பில் உறைக்கத் தொடங்கிய பிறகு போனால் போதும்.

படி 2: எங்கே போவது

இந்த வண்டின் எல்லை வடக்கே சாஸ்டா மாவட்டத்திலிருந்து தெற்கே ஃபிரெஸ்னோ மாவட்டம் வரை. பெரும்பாலும் கடல்மட்டத்திலிருந்து 150 மீட்டருக்குக் கீழே, ஆறும் ஓடையும் ஒட்டிய நிலங்களில். சியரா மலைப்பக்கம் ஏறிவிட்டால் எல்டர்பெர்ரி நிறையக் கிடைக்கும், இந்த வண்டு கிடைக்காது.

புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு அமெரிக்கன் ஆற்றங்கரைப் பூங்காதான் என் முதல் பரிந்துரை. இந்த வண்டுக்கென்று சட்டப்படி வரையறுத்த முக்கிய வாழிடங்கள் இரண்டே இரண்டு. இரண்டும் சாக்ரமெண்டோ பகுதியில்தான், அதில் ஒன்று இந்தப் பூங்காவுக்குள். கார்மைக்கேலில் உள்ள எஃபி யா இயற்கை மையத்தைச் சுற்றி நடைபாதைகள் இருக்கின்றன; குழந்தைகளைக் கூட்டிக்கொண்டு போக ஏற்ற இடம். ஃபால்சம் பக்கம் குடியிருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது காரில் கொஞ்ச தூரம்தான். கால்ட் ஊருக்கு அருகில் கொசும்னஸ் ஆற்றுக் காப்பகமும், டேவிஸ் பக்கம் பியூட்டா ஓடையும் பார்க்கத்தக்கவை. வடக்கே போனால் சாக்ரமெண்டோ ஆற்று வனவிலங்குப் புகலிடத்தில், பழைய வயல்களை மீண்டும் காடாக்கும்போது எல்டர்பெர்ரியையும் சேர்த்து நட்டார்கள். அப்படி நட்ட புதர்களிலும் பின்னாளில் வண்டின் துளைகள் வந்திருக்கின்றன.

எங்கே போனாலும் பாதையை விட்டு இறங்காதீர்கள். காப்பகத்தின் விதி அதுதான் என்பதோடு இன்னொரு காரணமும் உண்டு. ஆற்றங்கரை முழுக்கப் பாய்சன் ஓக் இருக்கிறது. மூன்று மூன்று இலைகளாக, பளபளப்பாக இருக்கும். அதன் எண்ணெய் தோலில் பட்டால் வாரக்கணக்கில் அரிப்பு. முழுக்கைச் சட்டை, முழுக்கால் சட்டை, மூடிய காலணி. வீட்டுக்கு வந்ததும் உண்ணி ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். வெயில் காலத்தில் கிலுகிலுப்பைப் பாம்பும் வரும்.

படி 3: புதரை அடையாளம் காண்பது

இந்தப் படியை அவசரமாகத் தாண்டிவிடக் கூடாது. வண்டின் வாழ்க்கை முழுவதும் இந்த ஒரு செடிக்குள்தான். முட்டை, புழு, கூட்டுப்புழு, வளர்ந்த வண்டின் தீனி எல்லாமே எல்டர்பெர்ரி. செடி தவறானால் மற்ற எல்லாமே வீண்.

பள்ளத்தாக்கில் வளர்வது நீல எல்டர்பெர்ரி. சில புதர்கள் ஆள் உயரம். சில சின்ன மரம்போல ஓங்கி வளர்ந்திருக்கும். வேப்பங்கொத்துபோல ஒரே காம்பில் பல சிற்றிலைகள், பொதுவாக ஐந்து முதல் ஒன்பது, விளிம்பில் ரம்பப்பல். காம்புகள் தண்டில் எதிரெதிராக ஜோடியாக நிற்கும். இது முக்கியமான அடையாளம். வால்நட் இலையும் பார்க்க இப்படித்தான் இருக்கும், ஆனால் அதில் காம்புகள் மாறி மாறி வரும். ஆஷ் மரத்தில் எதிரெதிராக வரும், அதனால் அதோடு குழம்ப வாய்ப்பு அதிகம். சந்தேகம் வந்தால் பூவையும் காயையும் பாருங்கள். எல்டர்பெர்ரி வசந்தத்தில் தட்டையான குடைபோல வெண்மஞ்சள் நிறப் பூங்கொத்து விடும். கோடையின் பின்பாதியில் சின்னச் சின்ன நீலக் கருப்புப் பழங்கள், மேலே திராட்சையில் இருப்பதுபோல வெண்பூச்சு. ஆஷ் மரத்தில் சிறகு வைத்த விதைகள் தொங்கும்.

இலையை விரலால் கசக்கினால் ஒரு கெட்ட வாடை வரும். கீழே விழுந்து கிடக்கும் இலையில் முகர்ந்து பாருங்கள், செடியிலிருந்து பறிக்க வேண்டாம். பழத்தைப் பச்சையாகச் சாப்பிடாதீர்கள், வயிற்றைப் புரட்டும்.

இளம் கிளைக்குள் வெள்ளையாகப் பஞ்சுபோல நெட்டி இருக்கும். புழுவுக்குச் சாப்பாடு அதுதான்.

படி 4: எந்தத் தண்டைப் பார்ப்பது

புதர் கிடைத்துவிட்டது, சரி. இனி தரையோடு ஒட்டிய பகுதியில் தண்டின் தடிமனைக் கண்ணால் அளந்துகொள்ளுங்கள். 2.5 செண்டிமீட்டருக்குக் குறைவான தண்டில் புழு வளர்வது அரிது. அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவை அதிகாரிகளும் அதைத்தான் அளவுகோலாக வைத்திருக்கிறார்கள். நம் கட்டைவிரலைவிடத் தடிமனானவற்றை மட்டும் கவனித்தால் போதும், பாதி வேலை குறைந்துவிடும்.

தண்டு உயிரோடு இருக்க வேண்டும். காய்ந்து கருகிய கட்டையில் புழு வாழாது. காய்ந்த கட்டையில் துளை இருந்தால், ஒன்று அது வேறு பூச்சியின் வேலை, அல்லது தண்டு உயிரோடிருந்த காலத்தில் வண்டு வெளியேறிய பழைய துளை.

இன்னொன்று: அண்ணாந்து பார்க்காதீர்கள், குனிந்து பாருங்கள். பெரும்பாலான துளைகள் தரையிலிருந்து 1.2 மீட்டருக்குள்தான் இருக்கும். இது தெரியாததால்தான் நான் இரண்டு வசந்தத்தை விட்டேன். அடித்தண்டின் பட்டை நீளவாக்கில் வெடிப்பு வெடிப்பாக இருப்பதால் துளை அந்த வரிகளுக்குள் ஒளிந்துகொள்ளும். ஒரு பக்கமாகப் பார்த்துவிட்டு நகராமல், பாதையிலிருந்து எத்தனை கோணத்தில் பார்க்க முடியுமோ அத்தனையிலும் பாருங்கள். சின்ன தொலைநோக்கி கையில் இருந்தால் புதருக்குள் நுழையாமலே வேலை முடியும்.

படி 5: துளையைப் படிப்பது

துளை எப்படி உண்டாகிறது என்று தெரிந்தால் அடையாளம் காண்பது எளிது. தாய் வண்டு இலையிலோ பட்டை இடுக்கிலோ முட்டையிடுகிறது. பொரிந்த புழு தண்டைக் குடைந்து உள்ளே போய் நெட்டியைத் தின்றபடி மேலும் கீழும் சுரங்கம் போடுகிறது. ஒன்றிரண்டு வருஷம் கழித்து முழு வளர்ச்சி அடைந்ததும், புழுவே பட்டை வரைக்கும் குடைந்து வெளியேறும் வழியைத் திறந்துவைக்கிறது. ஆனால் வெளியே வருவதில்லை. மறுபடி உள்ளே போய், வழியை மரத்தூளால் அடைத்துவிட்டு, நெட்டிக்குள் செய்துகொண்ட அறையில் கூட்டுப்புழுவாகிறது. வண்டாக மாறிய பிறகு அந்த அடைப்பைத் தள்ளிக்கொண்டு வருகிறது. வரப்போகும் வண்டுக்கான கதவை முன்கூட்டியே புழு செய்து வைத்துவிடுகிறது. எத்தனை தடவை நினைத்தாலும் எனக்கு இது வியப்பாகவே இருக்கிறது.

ஒரு துளை என்றால் ஒரு வண்டு. ஒரு தண்டில் மூன்று துளை இருந்தால் மூன்று வண்டுகள் அங்கே வளர்ந்து போயிருக்கின்றன.

துளையின் வடிவம் வட்டம், அல்லது லேசான நீள்வட்டம். குறுக்களவு சுமார் 7 முதல் 10 மில்லிமீட்டர். ஒரு பென்சில் நுழையும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். விளிம்பு துப்புரவாக, துளைக்கருவியால் போட்டதுபோல இருக்கும். மரங்கொத்தி கொத்திய இடம் பிய்ந்து சிராய்ப்பாக இருக்கும். சிறிய துளைகள் நிறைய நெருக்கமாக இருந்தால் அது வேறு வண்டுகள். தச்சுத் தேனீயும் அழகான வட்டத் துளை போடும், ஆனால் அது விரும்புவது காய்ந்த கட்டையை.

அடுத்து, துளை புதியதா பழையதா என்று பார்க்க வேண்டும். இந்த வருஷத்துத் துளையில் உள்மரம் வெளிர் நிறமாக, விளிம்பு கூர்மையாக இருக்கும். துளைக்குக் கீழே பட்டையில் கொஞ்சம் மரத்தூள் ஒட்டியிருக்கலாம். வருஷங்கள் ஆக ஆக உள்ளே சாம்பல் பூத்துக் கருக்கும், விளிம்பில் தழும்புத் திசு வளர்ந்து வாய் சுருங்கும். நன்றாகச் சுருங்கிய துளை முன்பு இங்கே வண்டு இருந்தது என்று மட்டும் சொல்லும். இன்றும் இருக்கிறதா என்பதற்குப் புதுத் துளை வேண்டும்.

எங்கள் ஊர்ப் பக்கம் மாமரத்தில் தண்டுதுளைப்பான் விழுந்தால் துளைக்குள் கம்பியை விட்டுக் குத்தி, பஞ்சில் மருந்து நனைத்து அடைத்து, மேலே களிமண் பூசுவார்கள். அந்தத் துளைப்பானும் நீள்கொம்பு வண்டுக் குடும்பம்தான். அந்தக் கைப்பழக்கம் உள்ளவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: இங்கே துளைக்குள் குச்சி, கம்பி, பென்சில் எதையும் விடாதீர்கள். அளக்கக்கூட வேண்டாம். மரத்தூள் அடைப்புக்குப் பின்னால் கூட்டுப்புழு இருக்கலாம். அதற்குத் தீங்கு செய்வது அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். அளவு தேவையென்றால் துளைக்குப் பக்கத்தில் ஒரு நாணயத்தைத் தண்டில் படாமல் பிடித்துப் படம் எடுங்கள்.

ஒரு முழு நாள் நடந்தும் ஒரு துளைகூடக் கிடைக்கவில்லை என்றால் சோர்ந்துவிடாதீர்கள். 1991இல் வெளியான ஓர் ஆய்வில் 230 இடங்களைப் பார்த்ததில் 28 விழுக்காட்டில்தான் இந்த வண்டின் தடயம் இருந்தது. இது அதிகத் தூரம் பறந்து போகாத வண்டு. ஒரு புதர்க்கூட்டத்தில் இருக்கும். அடுத்த வளைவில் அதே மாதிரி செழிப்பான புதர் நின்றாலும் அதில் இருக்காது. ஓரிடத்தில் ஒரு துளை கிடைத்தால் உடனே நகராமல் பக்கத்துப் புதர்களையும் நிதானமாகப் பாருங்கள்.

படி 6: வண்டைப் பார்ப்பது

புதுத் துளை இருக்கும் புதருக்கு ஏப்ரலில் திரும்பிப் போங்கள். ஒரே இடத்தில் அரை மணி நேரம் அசையாமல் நில்லுங்கள். இலைமேல், பூங்கொத்தின் மேல், தண்டின்மேல் நடப்பதைப் பார்க்கலாம். நீளம் சுமார் 13 முதல் 25 மில்லிமீட்டர்.

ஆண் வண்டின் முன்சிறகு செம்பழுப்பும் ஆரஞ்சும் கலந்த நிறம். அதில் நீள்வட்டமாக நான்கு கரும்புள்ளிகள், வெயிலில் பார்த்தால் பச்சை உலோகப் பளபளப்பு. உணர்கொம்பு உடம்பின் நீளத்துக்கு இருக்கும், சிலவற்றில் அதையும் தாண்டும். பெண் சற்றுப் பெரியது. அதன் முன்சிறகு முழுக்க அடர்ந்த உலோகப் பச்சை, ஓரத்தில் மட்டும் ஆரஞ்சுக் கரை. நம் பட்டுப்புடவையில் பச்சை உடலுக்கு அரக்குக் கரை வைத்ததுபோல என்று என் மனைவி சொன்னாள். அதைவிடப் பொருத்தமாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. கடற்கரைப் பக்கத்தில் வாழும் இன்னொரு துணையினத்தில் ஆண், பெண் இரண்டுமே இந்தப் பெண் வண்டின் தோற்றத்தில்தான் இருக்கும். இரண்டு துணையினங்களின் பெண்களையும் கண்ணால் பிரிக்க முடியாது, துளைகளையும் பிரிக்க முடியாது. பள்ளத்தாக்கு ஆண்களிலும் சில, பெண்ணைப்போல அடர்நிறமாக இருப்பதுண்டு. நான்கு புள்ளி ஆண்தான் உறுதியான சான்று. எல்லைப் பகுதிகளில், முக்கியமாகத் தெற்கே, துளையை மட்டும் பார்த்துப் பெயர் வைத்துவிடாதீர்கள்.

வேறு பூச்சிகளோடு குழம்பவும் வாய்ப்பு இருக்கிறது. எல்டர்பெர்ரிப் பூவில் வரும் சிப்பாய் வண்டுகளும் ஆரஞ்சாக இருக்கும், ஆனால் உடம்பு மெத்தென்று இருக்கும், இந்தப் புள்ளிகள் இருக்காது. எருக்கக் குடும்பச் செடியான மில்க்வீடில் சிவப்பு உடம்பும் கரும்புள்ளியுமாக ஒரு நீள்கொம்பு வண்டைப் பார்க்கலாம். அது அந்தச் செடியை விட்டு எல்டர்பெர்ரிக்கு வராது.

ஆராய்ச்சியாளர்களிடம் இன்னொரு வழி இருக்கிறது. பெண் வண்டு விடும் மண ஈர்ப்புப் பொருளைக் கண்டுபிடித்து, அதற்கு டெஸ்மோலாக்டோன் என்று பெயரிட்டு, ஆய்வகத்திலேயே தயாரித்தார்கள். அதை வைத்தால் ஆண் வண்டுகள் தேடி வருகின்றன. இப்படி வரவழைப்பதற்கு அரசு அனுமதி வேண்டும். நாம் கண்ணோடு நிறுத்திக்கொள்வதுதான் சரி.

வண்டைக் கண்டால் பிடிக்காதீர்கள், கையில் ஏற்றாதீர்கள். கிளையை வளைத்துப் படம் எடுக்கவும் வேண்டாம். மேலிருந்து ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, உணர்கொம்பு முழுதாகத் தெரியும்படி ஒன்று, மூன்று படம் போதும்.

படி 7: பதிவு செய்வது

தேதி, நேரம், ஆற்றின் பெயர், எந்தக் கரை, புதரின் உயரம், தண்டின் உத்தேசத் தடிமன், துளையின் எண்ணிக்கை, தரையிலிருந்து உயரம், புதியதா பழையதா. துளையே இல்லாத புதர்களையும் எழுதுங்கள். அடுத்த வருஷம் அதே புதரில் துளை வந்தால் அந்தக் குறிப்புக்குத்தான் மதிப்பு. சமூக வலைத்தளங்களில் படம் போடும்போது துல்லியமான இடத்தைச் சொல்லாதீர்கள். சேகரிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

படி 8: உங்கள் நிலத்தில் எல்டர்பெர்ரி இருந்தால்

பள்ளத்தாக்கில் வீடோ நிலமோ வாங்கியவர்களுக்கு இந்தக் கேள்வி வரும். எதையும் வெட்டும் முன், பக்கத்தில் தோண்டும் முன், அமெரிக்க மீன் மற்றும் வனவிலங்குச் சேவையின் சாக்ரமெண்டோ அலுவலகத்தைக் கேளுங்கள். அவர்கள் 2017இல் வெளியிட்ட வழிமுறையில், புதரிலிருந்து 50 மீட்டருக்குள் நடக்கும் வேலை எதுவும் வண்டைப் பாதிக்குமா என்று பார்க்க வேண்டும் என்கிறார்கள். முடிந்தவரை மார்ச் முதல் ஜூலை வரை அங்கே வேலை வைத்துக்கொள்ளக் கூடாது. வேரைப் பாதிக்கும் தோண்டலுக்குக் கிளை நுனியிலிருந்து குறைந்தது 6 மீட்டர் தள்ளியிருக்க வேண்டும். பூச்சிக்கொல்லி 30 மீட்டருக்குள் அடிக்கக் கூடாது. கிளை கழிப்பது நவம்பர் முதல் பிப்ரவரி வரை, அதுவும் 2.5 செண்டிமீட்டருக்குக் குறைவான கிளைகளை மட்டும். தவிர்க்க முடியாமல் புதரை இடம்பெயர்க்க வேண்டி வந்தால் அனுமதியோடு, செடி உறங்கும் நவம்பர் முதல் பிப்ரவரி நடுப்பகுதிக்குள் வேரோடு பெயர்த்து நட வேண்டும்.

புதிதாக நட ஆசைப்படுகிறவர்கள், ஏற்கனவே துளை இருக்கும் புதர்களுக்கு அருகில், ஆற்றை ஒட்டி நடுங்கள். தனியாக நெடுந்தூரத்தில் நட்ட புதருக்கு வண்டு வந்து சேர்வது கடினம். தண்டு கட்டைவிரலைத் தாண்டித் தடிக்கச் சில வருஷங்கள் பிடிக்கும். முதல் சில கோடைகளில் தண்ணீர் விடத்தான் வேண்டும், ஆனால் செடி பிடித்த பிறகு சொட்டுநீர்க் குழாயை எடுத்துவிடுங்கள். அர்ஜென்டினா எறும்பு வெளிநாட்டிலிருந்து வந்து பரவிய எறும்பு, ஈரமான மண் இருந்தால் அங்கே கூடு கட்டிவிடும். அப்புறம் தண்டில் ஏறி வண்டின் முட்டையையும் பொரிந்த புழுவையும் தின்ன ஆரம்பிக்கும். எறும்பு வரிசையாக ஏறும் புதரில், மண் எங்கே நனைந்து கிடக்கிறது என்று பார்த்து முதலில் அந்தக் கசிவை அடைத்துவிடுங்கள்.